ஜிப்ஸிக்கு 31 இன்ச் டயர் போட்டாச்சு, முன் ஆக்சில் போச்சு. ஜீப் ஆக்சில் ஏற்றலாமா?

காட்பாடிஜிப்ஸி

எல்லோருக்கும் வணக்கம். வண்டி ஜிப்ஸி கிங், டி.என். 23, எனக்கு மூன்றாவது கையாக வந்தது. இரண்டு மாதம் முன்புவரை கம்பெனி அளவான 205/70 ஆர்15 டயரில்தான் ஓடிக்கொண்டிருந்தது. எலிக்குச் செருப்பு மாட்டிய மாதிரி இருக்கிறது என்று தம்பி கிண்டல் செய்துகொண்டே இருந்தான். ரோஷம் வந்து 31×10.5 ஆர்15 மட் டயர் நான்கு, எட்டு இன்ச் அகல ரிம்மோடு வாங்கிவிட்டேன். பட்டை ஸ்பிரிங்கைத் தாங்கும் ஷேக்கிளை நீளமாக்கி, மட்கார்டு ஓரத்தை வெட்டி உட்கார வைத்தோம். "வேற எதுவும் மாத்த வேணாம், அப்படியே ஓட்டுங்க" என்று டயர் போட்டவர் அனுப்பிவைத்தார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஆலங்காயம் பக்கம் மாமனார் நிலத்துக்குப் போனேன். வழியில் மழை அரித்த ஓடை ஒன்று. ஃபோர் லோ (நான்கு சக்கரமும் இழுக்கிற, இழுவை கூடிய தாழ்ந்த கியர்), முதல் கியர், ஸ்டீயரிங் முழுசாக வலப்பக்கம். வலது முன் சக்கரம் பாறை விளிம்பில் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. நானும் விடாமல் மிதித்தேன். திடீரென்று பிடித்தது. தேங்காய் உடைத்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். முன் ஹப் இரண்டையும் ஃப்ரீ செய்து, அதாவது முன்சக்கரங்களை ஆக்சிலிலிருந்து விடுவித்துவிட்டு, பின்சக்கரத்தில் மெதுவாக வீடு வந்து சேர்ந்தேன். பிரித்துப் பார்த்தால் வலது சிவி ஜாயிண்ட்டின் (சக்கரம் திரும்பியிருக்கும்போதும் அதைச் சுற்றவைக்கிற இணைப்பு) கிண்ணம் மூன்று துண்டு.

பட்டறையில் ஒருவர், பழைய ஜீப்பின் ஆக்சில் இரண்டையும் தூக்கி அடியில் வைத்துவிடு, ஜென்மத்துக்கும் உடையாது என்கிறார். ராணிப்பேட்டையில் ஒரு லேத்துக்காரர் சக்கரத்தைச் சுற்றுகிற ஆக்சில் சாஃப்ட்டைத் தடிமனாக அடித்துத் தருகிறேன் என்கிறார். கையில் ஒரு லட்சம்வரை இருக்கிறது. எது சரி?

ஆற்காடுபழையஜீப்

வேலூரை 2019இல் மூன்றாகப் பிரித்தார்கள், உன் ஜாயிண்ட்டும் மூன்றாகப் பிரிந்திருக்கிறது. வருத்தப்படாதே தம்பி. ஜிப்ஸிக்காரர்கள் எல்லாம் கடைசியில் எங்கள் வாசலுக்குத்தான் வருவீர்கள்.

பட்டறைக்காரர் சொன்னது சரி. என்னிடம் சி.ஜே. 3பி என்ற பழைய ஜீப் இருக்கிறது. பின்னால் இருப்பது டானா 44 ரக ஆக்சில். கிரவுன் வீல், அதாவது ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம், எட்டரை இன்ச். கிரவுனில் 43 பல், அதைச் சுற்றும் சின்னப் பினியனில் 8 பல், அதாவது ரேஷியோ 5.38. எவ்வளவு பெரிய டயர் போட்டாலும் இழுக்கும். சக்கர போல்ட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான், ஐந்து போல்ட், 139.7 மில்லிமீட்டர் வட்டம். உன் புது ரிம் அப்படியே உட்காரும். வெல்டிங் தெரிந்த ஒரு ஆள், பட்டைக்கு நான்கு இருக்கை, எட்டு யு-போல்ட். ஒரு வாரத்து வேலை.

ஏலகிரி14

ப்ரோ, ஒரு லட்சத்தை இதில் போடுவதற்குப் பதில் வண்டியைக் கொடுத்துவிட்டுப் புது தார் பாருங்கள். 2020 மாடலில் 255/65 ஆர்18 கம்பெனியிலேயே வருகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், 789 மில்லிமீட்டர் விட்டம். அதுவே 31 இன்ச்தான். பின்னால் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகக் கட்டுகிற லாக்கும் உண்டு. நான் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவையும் வாரம் ஒரு தடவை ஏறி இறங்குகிறேன், ஒரு சத்தம் இல்லை.

ஆற்காடுபழையஜீப்

ஏலகிரி தார் ரோட்டில் தாரை ஓட்டினால் சத்தம் எப்படி வரும்?

ஆரணி550

பழையஜீப் அண்ணா, பின் ஆக்சிலைப் பற்றி மட்டும் பெருமையாகச் சொல்லிவிட்டு முன் ஆக்சிலை நைசாக விட்டுவிட்டீர்கள். உங்கள் 3பியில் முன்னால் இருப்பது 44 இல்லை, டானா 25. அதைவிடச் சின்னது. அவருக்கு உடைந்ததோ முன்பக்கம்.

இன்னொன்று, ட்ரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் முறுக்கை அனுப்புகிற கியர் பெட்டி. ஜீப்பில் அதை ஹையில் போட்டால் ஒன்றுக்கு ஒன்று. ஜிப்ஸியில் அப்படி இல்லை. ஹையிலேயே 1.409, லோவில் 2.268. அதாவது ஜிப்ஸி ஏற்கெனவே ட்ரான்ஸ்ஃபர் கேஸில் ஒரு தடவை குறைத்துக்கொண்டுதான் ஆக்சிலுக்கு அனுப்புகிறது. அதன் கீழே 5.38 வைத்தால் என்ன ஆகும்? காட்பாடி தம்பி, உங்கள் ஆக்சில் ரேஷியோ என்ன என்று முதலில் பாருங்கள்.

காட்பாடிஜிப்ஸி

எப்படிப் பார்ப்பது? பிரிக்க வேண்டுமா?

வாலாஜாலேத்

பிரிக்க வேண்டாம். கியரை நியூட்ரலில் வையுங்கள், ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிடுங்கள். பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். மற்ற மூன்றுக்கும் கல் கொடுங்கள், மறந்துவிடாதீர்கள். பின் ஆக்சிலுக்குப் போகிற ப்ரொப்பல்லர் சாஃப்ட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். இன்னொரு சக்கரம் தரையில் நிற்பதால், இரண்டு சுற்று சுற்றினால்தான் கிரவுன் ஒரு சுற்று சுற்றும். அதற்குள் சாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ.

அது இருக்கட்டும். உடைந்த துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா? போடவில்லை என்றால் டீசலில் கழுவி, உடைந்த முகத்தை வெயிலில் வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள். அதைப் பார்க்காமல் எந்த ஆக்சில் என்று பேசுவது, நோயாளியைப் பார்க்காமல் மருந்து எழுதுகிற வேலை.

காட்பாடிஜிப்ஸி

சுற்றிப் பார்த்தேன். நாலு சுற்றுக்கு ஒரு விரற்கடை குறைவு. துண்டுகள் டப்பாவில் இருக்கின்றன, ஞாயிறு படம் போடுகிறேன்.

ஆரணி550

அப்படியானால் 3.9 என்று வைத்துக்கொள்வோம். பழைய டயரின் விட்டம் 668 மில்லிமீட்டர், 31 இன்ச் என்பது 787. அதாவது 18 சதவீதம் பெரிசு. ஸ்பீடோமீட்டர் 60 காட்டினால் வண்டி ஏறக்குறைய 71இல் போகிறது. நாலு வழிச் சாலையில் கவனம். கியர் கணக்கில் உங்கள் 3.9 இப்போது 3.3 ஆகிவிட்டது. ஐந்தாவது கியரில் மேடு ஏறவில்லை என்று இதற்குள் தெரிந்திருக்குமே.

5.38 போட்டால், 31 டயரோடு சேர்த்தே, பழைய நிலைமையைவிட 17 சதவீதம் அதிகமாக இன்ஜின் சுற்றும். காட்பாடியிலிருந்து வாலாஜா போவதற்குள் காது போய்விடும். ஜீப்புக்கு 5.38 பொருந்துகிறது என்றால், அந்த இன்ஜினும் கியர்பாக்ஸும் வேறு. ஆக்சிலை மட்டும் கடன் வாங்க முடியாது.

ஆற்காடுபழையஜீப்

சரி, ஒத்துக்கொள்கிறேன். 5.38 வேண்டாம். மஹிந்திராவின் எம்.எம். வண்டிகளில் வேறு ரேஷியோவும் கிடைக்கும். ஆனால் ஜீப் ஆக்சிலின் ஹவுசிங், அதாவது கூடு, பலமானது என்பதில் மாறமாட்டேன். ஜிப்ஸி ஹவுசிங் வளைந்து, இரண்டு சக்கரமும் மேலே சாய்ந்து நின்றதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

குடியாத்தம்மாந்தோப்பு

ஒரு சந்தேகம். நீங்கள் எல்லாம் ஏன் இவ்வளவு பெரிய டயர் போடுகிறீர்கள்? நான் பத்து வருடமாக ஜிப்ஸியில்தான் தோப்புக்குப் போகிறேன். டயர் கம்பெனி அளவு. மழைக்காலத்தில் சேறு, கோடையில் பாலாற்று மணல். மணலில் இறங்கும் முன் காற்றை 15 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கிவிடுவேன். டயர் சப்பையாகி நீளமாகத் தரையில் படும், மிதந்துகொண்டு போகும். கரை ஏறியதும் சின்ன பம்ப் வைத்து மறுபடி 28. இதற்கு ஆகிற செலவு பம்புக்கு மட்டும்தான்.

2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றில் எங்கே பள்ளம், எங்கே மேடு என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போது 33 இன்ச் போட்ட ஒரு வண்டி எங்கள் ஊர்ப் பக்கம் மாட்டிக்கொண்டது. என் டிராக்டர்தான் இழுத்தது.

காட்பாடிஜிப்ஸி

மணலுக்குச் சரிதான் அண்ணா. ஆனால் எனக்குப் பிரச்சினை கல். ஓடையில் ஆக்சில் கூடு பாறையில் இடிக்கிறது. கியர்பாக்ஸ், பம்பர் எல்லாவற்றையும் பட்டையை உயர்த்தி மேலே கொண்டுபோகலாம். ஆக்சில் கூட்டின் அடிப்பாகத்தை உயர்த்த டயரை விட்டால் வேறு வழி இல்லையே. அதற்காகத்தான் போனேன்.

ஆரணி550

வழி இல்லைதான். ஆனால் கிடைப்பது பாதி. விட்டத்தில் 119 மில்லிமீட்டர் கூடினால் கூட்டுக்கு அடியில் கிடைப்பது 60. அதே 15 இன்ச் ரிம் விட்டத்தில் 235/75 போட்டால் 33 மில்லிமீட்டர் கிடைக்கும், டயர் பத்து சதவீதம்தான் பெரிசாகும். அந்த மிச்ச 27 மில்லிமீட்டருக்காக, ஒரு கட்டைவிரல் அகலத்துக்காக, ஒரு லட்சமா?

வாலாஜாலேத்

படம் வரும்வரை கொஞ்சம் கணக்குப் பேசலாம். எனக்கு லேத்தில் முப்பது வருடம். சிப்காட்டுக்கு வேலை செய்து கொடுத்தவன், ஜீப் விசிறி எல்லாம் இல்லை.

கிங் இன்ஜின் அதிகபட்சம் 103 நியூட்டன் மீட்டர் முறுக்கு கொடுக்கும். முதல் கியர் 3.652, லோ 2.268, ஆக்சில் 3.9. நான்கையும் பெருக்குங்கள், ஏறக்குறைய 3,300 வரும். ஃபோர் வீல் போட்டால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் முன்னையும் பின்னையும் ஒன்றாகக் கட்டிவிடும். பின்சக்கரம் காற்றில் இருந்தால் மொத்தமும் முன்னால் போகும். முன்னால் டிஃபரன்ஷியல் (இடது, வலது சக்கரத்துக்கு முறுக்கைப் பிரிக்கிற பல்சக்கரங்கள்) லாக் இல்லாத திறந்த வகை என்பதால் பக்கத்துக்குப் பாதி, 1,650. யாராவது முன்னால் லாக் போடச் சொன்னால் இதை ஞாபகம் வையுங்கள். லாக் போட்ட பிறகு பாதி என்ற கணக்கு இல்லை, பிடிமானம் உள்ள பக்கத்துக்கே முழுவதும் போகும்.

பெரிய டயர் வந்ததால் இன்ஜின் முறுக்கு கூடவில்லை. பிறகு ஏன் உடைகிறது? தரை திருப்பித் தள்ளுகிற விசை அதே அளவு என்றாலும், சக்கரத்தின் ஆரம் 18 சதவீதம் கூடியதால் சாஃப்ட்டுக்கு வருகிற முறுக்கும் அதே 18 சதவீதம் கூடும். முன்பு சின்ன டயர் வழுக்கிவிட்டு ஜாயிண்ட்டைக் காப்பாற்றியது. பெரிய டயர் வழுக்காது. இதைவிட மோசம் எடை. சக்கரத்தை நிறுத்துப் பார்த்தீர்களா?

காட்பாடிஜிப்ஸி

வெங்காய மண்டித் தராசில் போட்டுப் பார்த்தேன். புதுச் சக்கரம் ரிம்மோடு 30 கிலோவுக்கு மேல். பழையது 20ஐத் தொடவில்லை.

வாலாஜாலேத்

அதுதான். அந்த எடை முழுவதும் விளிம்பில் இருக்கிறது. நீங்கள் மிதித்து மிதித்து அதைச் சுற்றவிட்டீர்கள், அது வேகம் பிடித்தது, பாறை ஒரே நொடியில் அதை நிறுத்தியது. சேர்த்து வைத்த வேகம் எல்லாம் எங்கே போகும்? ஜாயிண்ட்டுக்குள் போகும். ஸ்டீயரிங் முழுசாகத் திருப்பியிருக்கும்போது உள்ளே இருக்கும் ஆறு குண்டுகளும் சமமாகப் பாரம் தாங்காது, இரண்டு மூன்றுதான் தாங்கும். பெரிய டயரோ சின்ன டயரோ, இந்த ஜாயிண்ட்டுக்கு எமன் இதுதான்: முழு வெட்டு, லோ கியர், சுற்றுகிற சக்கரம் திடீரென்று பிடிப்பது.

தடிமனான சாஃப்ட் பற்றிக் கேட்டீர்கள். முறுக்கைத் தாங்கும் பலம் விட்டத்தின் கனத்தில் ஏறும். விட்டம் பத்து சதவீதம் கூடினால் பலம் 33 சதவீதம் கூடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஸ்பிளைன், அதாவது சாஃப்ட் முனையில் வெட்டிய பல்வரி, அளவு மாறினால் டிஃபரன்ஷியல் பக்கப் பல்சக்கரமும் மாற வேண்டும். ஸ்பிளைன் அதே அளவு என்றால், நடுவில் தடிமனாக அடித்துப் பயனே இல்லை. ஸ்பிளைன் அடியில்தான் முறுக்கிக்கொண்டு போகும். உண்மையில் நடுவை ஸ்பிளைன் அடிவிட்டத்துக்குக் கடைந்து இறக்கினால், நீளம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக முறுகி விட்டுக்கொடுக்கும், ஒரே இடத்தில் உடையாது. லாரி ஆக்சில் சாஃப்ட்டைப் பாருங்கள்.

ராணிப்பேட்டைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: எந்த மெட்டீரியல், ஹீட் ட்ரீட்மெண்ட் எங்கே? ஈ.என். 8 என்ற சாதா எஃகுக் கம்பியை அப்படியே கடைந்து கொடுத்தால் இரண்டே வாரத்தில் முறுக்கு மாதிரி வரும், நான் சாப்பிடுகிற முறுக்கைச் சொல்கிறேன். ஈ.என். 24 என்ற கலப்பு எஃகு வாங்கி, கடைந்து, குவெஞ்ச் செய்து (சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து), டெம்பர் செய்தால்தான் (மறுபடி மிதமாகச் சூடாக்கினால்தான்) அது ஆக்சில். முடிந்தபின் கடினத்தை அளந்த சீட்டு கேளுங்கள். தராதவரிடம் செய்யாதீர்கள். அதுவும் சாஃப்ட்டுக்குத்தான். சிவி ஜாயிண்ட் கிண்ணம் சாதா லேத்தில் செய்கிற பொருளே இல்லை. குண்டு ஓடுகிற பள்ளத்தை கிரைண்டிங் செய்ய வேண்டும்.

ஏலகிரி14

சார், ஒரு பக்கம் உடைந்ததற்கு இவ்வளவு பாடமா? நான் தாருக்கு 33 போடலாம் என்று இருந்தேன்.

வாலாஜாலேத்

போடுங்கள். உங்களுக்கு முன்னால் தனித்தனி சஸ்பென்ஷன். லிஃப்ட் செய்தால் சாஃப்ட் நேராக ஓடும்போதே சரிந்து நிற்கும், ஜாயிண்ட் எப்போதும் கோணத்தில் வேலை செய்யும். உடைந்ததும் படம் எடுத்துப் போடுங்கள்.

மட்டுறுத்துநர்

இடையில் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52இன்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். இன்ஷூரன்ஸ்காரர்கள் விபத்துக்குப் பிறகுதான் டயரை அளந்து பார்ப்பார்கள். அப்புறம், ஜவ்வாது மலையில் காப்புக்காட்டுக்குள் வண்டி இறக்கிய படங்களை இங்கே போட வேண்டாம், நீக்கிவிடுவேன்.

ஆற்காடுபழையஜீப்

போச்சு. வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் இதையெல்லாம் யாரும் கேட்டதில்லை.

குடியாத்தம்மாந்தோப்பு

அந்தக் காலத்தில் நாலு வழிச் சாலையில் நூறில் போகிறவரும் இல்லை அண்ணா.

காட்பாடிஜிப்ஸி

படங்கள் கீழே. மூன்று துண்டு, ஐந்து படம். கழுவும்போது ஒன்று கவனித்தேன். கூட்டுக்குள் கெட்டியான கிரீஸ் இருக்கும் என்று நினைத்தேன். கறுப்பாகக் கஞ்சி மாதிரி இருந்தது, ஒழுகியது. டிஃபரன்ஷியலில் ஆயில் ஊற்றும் துளைக்குள் விரல் விட்டால் ஆயில் எட்டவே இல்லை.

வாலாஜாலேத்

இதைத்தான் முதலில் கேட்டேன்.

இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உடைந்த முகத்தில் ஒரு ஓரம் மழமழவென்று கறுத்திருக்கிறது. அதில் வளைவு வளைவாகக் கோடுகள். பாலாற்றில் தண்ணீர் வடிய வடிய மணலில் கோடு விட்டுப் போகுமே, அதே மாதிரி. அது ஒரு நாளில் உடைந்தது இல்லை. பழைய விரிசல், மாதக்கணக்கில் மெதுவாக வளர்ந்தது. மீதி முகம் கற்கண்டு உடைத்த மாதிரி பொடிப்பொடியாக மினுமினுக்கிறது. அதுதான் அன்றைக்கு உடைந்தது. என் கண்ணுக்கு, மூன்றில் ஒரு பங்கு முன்பே போயிருக்கிறது. அதாவது 31 இன்ச் வாங்குவதற்கு முன்பே, எலிச் செருப்பு மாட்டியிருந்த நாளிலேயே.

காரணம் உங்கள் கஞ்சி. உள் ஆயில் சீல் போய், டிஃபரன்ஷியல் ஆயில் ஆக்சில் குழாய் வழியாக, சக்கரம் திரும்புகிற முனையான நாக்கிளுக்குள் வந்து கிரீஸைக் கரைத்துவிட்டது. ஜாயிண்ட் தண்ணியான ஆயிலில் ஓடியிருக்கிறது. டிஃபரன்ஷியல் ஆயில் இல்லாமல் ஓடியிருக்கிறது. முழு வெட்டில் திருப்பினால் டிக் டிக் என்று முன்பிருந்தே சத்தம் வந்திருக்க வேண்டும்.

காட்பாடிஜிப்ஸி

வந்தது சார். வாங்கிய நாளிலிருந்து வந்தது. விற்றவர் "ஜிப்ஸின்னா அப்படித்தான் இருக்கும்" என்றார்.

ஆற்காடுபழையஜீப்

எல்லா ஜிப்ஸியும் அப்படித்தான் இருக்கும், விற்கிற அன்றைக்கு.

வாலாஜாலேத்

இப்போது செய்ய வேண்டியது: இரண்டு பக்கமும் புது ஜாயிண்ட். இடது பக்கம் உடையவில்லை என்று விடாதீர்கள், அதுவும் அதே கஞ்சியில்தான் ஓடியிருக்கும். உள் சீல் இரண்டு, நாக்கிள் சீல், நாக்கிள் திரும்புகிற அச்சான கிங்பின்னின் பேரிங். மாலிப்டினம் கலந்த கிரீஸ். கிங்பின் ஷிம்மை (இறுக்கத்தைச் சரிசெய்கிற மெல்லிய தகடு) ஸ்பிரிங் தராசு வைத்து இழுத்துப் பார்த்துச் சரி செய்யச் சொல்லுங்கள். தளர்வாக இருந்தால் பெரிய டயரில் 60இல் ஸ்டீயரிங் ஆடும். டிஃபரன்ஷியலில் ஜி.எல். 5 தரத்தில் 90 ஆயில், ஆனால் ஊற்றும் முன் டிஃபரன்ஷியலைக் கூட்டிலிருந்து கழற்றி எடுத்துக் கிரவுன் பற்களைப் பாருங்கள். நீலம் பூத்திருந்தால் சூடாகியிருக்கிறது, எனக்குப் படம் போடுங்கள். அப்புறம் நாக்கிளில் ஸ்டீயரிங் நிறுத்தும் போல்ட் ஒன்று இருக்கும். அதை இரண்டு மரை வெளியே எடுத்தால் முழு வெட்டின் கடைசிக் கோணம் குறையும். வண்டி கொஞ்சம் அகலமாகத் திரும்பும், ஜாயிண்ட் பிழைக்கும்.

அந்த எட்டு இன்ச் ரிம் வெளியே தள்ளி நிற்கிறது பாருங்கள், அது ஹப் பேரிங்கை நெம்புகோல் மாதிரி நெம்பும். 31ஐ வைத்துக்கொள்வது உங்கள் விருப்பம். வைத்துக்கொண்டால் ஆக்சில் மாற்றுவதற்கு முன் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் கியரைப் பாருங்கள். வெளிநாட்டில் லோ 4.16 வருகிற செட் உண்டு, ஹையும் கொஞ்சம் குறையும். ஆக்சிலைத் தொடாமலே போன இழுவை திரும்ப வரும். ஆனால் லோவில் 83 சதவீதம் கூடுதல் முறுக்கு. மிதிக்கிற கால் உங்களுடையதுதான், அது மாறாமல் அதைப் போடாதீர்கள்.

காட்பாடிஜிப்ஸி

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். இரண்டு ஜாயிண்ட்டும் எல்லா சீலும் மாற்றியாயிற்று. கிரவுன் பல் நல்லபடியாக இருக்கிறது, நீலம் இல்லை. இடது ஜாயிண்ட்டின் கிண்ணத்திலும் மயிரிழை விரிசல் இருந்தது. லேத் சார் சொல்லாவிட்டால் அப்படியே திருப்பிப் போட்டிருப்பேன். கூலியோடு சேர்த்து லட்சத்தில் கால்வாசிகூட ஆகவில்லை.

31 இன்ச்சைக் கழற்றிவிட்டேன். 235/75, ஏழு இன்ச் ரிம். ஐந்தாவது கியர் மறுபடி மேடு ஏறுகிறது, பிரேக் பிடித்தால் நிற்கிறது. அதே ஓடையைப் போன ஞாயிறு தாண்டினேன். கூடு ஒரு இடத்தில் உரசியது. இறங்கி, இரண்டு கல்லைப் பள்ளத்தில் போட்டுவிட்டுப் போனேன். காற்று 18இல் இருந்தது.

தம்பி மறுபடி எலி என்கிறான்.

ஆரணி550

அந்த 31 என்ன ஆனது? விலை சொல்லுங்கள்.

காட்பாடிஜிப்ஸி

பழையஜீப் அண்ணா நேற்றே வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மக்கன்பேடா ஒரு கிலோ கொடுத்து விலையைக் குறைத்தார்.

வாலாஜாலேத்

பழையஜீப், உங்கள் முன் ஆக்சிலில் கிரீஸ் பார்த்து எத்தனை வருடம் ஆகிறது?